எடு என்றொரு வினை

 

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளைப் பயமுறுத்துவன நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள் இருக்கும். அதை மனனம் செய்துவிடலாம். அவர்களைத் தடுமாற வைப்பவை மூன்றெழுத்து, நான்கெழுத்து வினைச்சொற்கள். 'கெட்', 'டேக்', 'செட்', 'ரன்' போன்றவை அவை. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சிறு சொல்லுக்கு உரியது. அதன் வினைப் பொருள்கள் மட்டும் நானூற்றுக்கு மேல். பின்னர் மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' என்ற வினையை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு மனிதரின் ஒன்பது மாத உழைப்பு அந்த ஒரு சொல்லுக்குச் சென்றது.

இதைக் கேட்கும் பிள்ளைகள், "நல்ல காலம், தமிழ் அப்படி இல்லை" என்பார்கள். அப்படி இல்லையா என்று பார்க்கவே இன்றைய பேச்சை அமைத்திருக்கிறேன். தொலைவிலுள்ள நூல் எதையும் தேட வேண்டாம். கல்முனைச் சந்தையிலிருந்து அக்கரைப்பற்றுச் சந்தை வரை ஒரு நாளைக்கு ஆயிரம் முறை காதில் விழும் ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள்வோம் என்று சொல்லும்போதே அந்த வினை வந்துவிட்டது. 'எடு' என்பதுதான் அது.

பெருநாள் வந்தால் உடுப்பு எடுக்கிறோம். மருதமுனையில் கைத்தறிச் சாரன் எடுக்கிறோம். வங்கியில் கடன் எடுக்கிறோம். கல்யாண வீட்டில் படம் எடுக்கிறார்கள். ஆசிரியர் பாடம் எடுக்கிறார். பிள்ளை புள்ளி எடுக்கிறது. வயலில் நிற்பவரைக் கண்டால், "இந்தப் போகம் ஏக்கருக்கு எத்தனை மூடை எடுத்தீங்க?" என்று கேட்கிறோம். நோயாளி வாந்தி எடுக்கிறார். பசி எடுக்கிறது. ஒருவன் நல்ல பேர் எடுக்கிறான். குடும்பம் தலையெடுக்கிறது. அரசன் படையெடுக்கிறான். பக்தர் காவடி எடுக்கிறார். தொழுகைக்குச் செல்பவர் வுழூ எடுக்கிறார்.

இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் ஒரு டசின் வேறு வேறு வினைகள் வேண்டும். உடுப்புக்கு ஒன்று, விளைச்சலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, பசிக்கு இன்னொன்று. ஆகவே ஆங்கிலப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், நாம் 'கெட்' என்பதைக் கண்டு பயப்படுவது போலவே 'எடு' என்பதைக் கண்டு பயப்படுவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் இத்தகைய வினைகளுக்கு எண் இட்டுப் பொருள் அடுக்கியிருக்கிறார்கள். அகராதிக்கு அந்த எண்கள் வேண்டும். ஆனால் பேசுகிறவனின் மனத்தில் எண்கள் இல்லை. அவன் மனத்தில் இருப்பது ஒரே வினை. அந்த ஒருமை எங்கே இருக்கிறது?

பழைய வழக்குகளைப் பார்த்தால் அது புலப்படும். நம் இலக்கணத்தில் ஒலிப்பு முயற்சியைக் கூறும்போது எடுத்தல், படுத்தல், நலிதல் என்று பகுப்பார்கள். எடுத்தல் உயர்த்திச் சொல்வது; படுத்தல் தாழ்த்திச் சொல்வது; நலிதல் இரண்டுக்கும் நடுவானது. இங்கே 'எடு' என்பதன் எதிர்ச்சொல் 'கொடு' அல்ல, 'படு' என்பதைக் கவனியுங்கள். படுத்துக் கிடப்பதை மேலே கொண்டுவருவதே எடுத்தல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், கெட்டவர்க்குத் துணையாய் நின்று அவரை மீண்டும் உயர்த்துவதும் மழையே என்று கூற வந்த வள்ளுவர், இந்த வினையைத்தான் ஆள்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசனின் கல்வெட்டு அந்தக் கற்றளியை அவன் 'எடுப்பித்த'தாகச் சொல்கிறது. நிலத்திலிருந்து உயர்த்தப்படுவதால் கோயில் எடுத்தல். நிறுப்பதற்குத் தூக்க வேண்டியிருப்பதால் பாரத்துக்கு எடை என்று பெயர். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்பவற்றைத் தமிழிசையார் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்றார்கள். பாட்டு எழும் இடம் எடுப்பு.

இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் மணிகள் தாமாகக் கோக்கப்படும். உடுப்பை ஏன் எடுக்கிறோம்? கடையில் அடுக்கிக் கிடப்பதிலிருந்து ஒன்றைத் தூக்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். விளைச்சலை ஏன் எடுக்கிறோம்? நிலத்தில் கிடந்தது களத்துக்கும் மூடைக்கும் ஏறுகிறது. வுழூ ஏன் எடுக்கிறார்கள்? நீரைக் கையில் ஏந்தித்தான் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாந்தியும் பசியும் உள்ளே கிடந்து மேலே எழுபவை. ஊற்றெடுத்தல், பெருக்கெடுத்தல் என்பவையும் அப்படியே. இவற்றில் எடுப்பவர் என்று ஒருவர் இல்லை. அதனால்தான் 'நான் பசி எடுக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'எனக்குப் பசி எடுக்கிறது' என்கிறோம். இதை நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளையும் பிழையின்றிச் சொல்லும்.

ஆனால் பொருளைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை; கூட வரும் சொல்லும் பேசப்படும் ஊரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதற்கு ஓர் எளிய சான்று சொல்கிறேன். நாம் இலங்கையில், "பின்னேரம் எனக்கு ஒரு கோல் எடுங்க" என்றால், நீங்கள் என்னை அழையுங்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் "போன் எடுங்க" என்றால், அடிக்கிற போனுக்குப் பதில் சொல்லுங்கள் என்று பொருள். "நேற்று நான் எடுத்தேன், நீங்க எடுக்கல்ல" என்று நம்மவர் ஒருவர் சென்னையில் உள்ள நண்பரிடம் சொன்னால், அவர் சற்றுத் திகைக்கத்தான் வேண்டும். எழுத்து ஒன்று, இலக்கணம் ஒன்று, வினையும் ஒன்று. பொருளில் மட்டும் கடல் குறுக்கே நிற்கிறது.

இனி நம் கரைக்கே உரிய வழக்குகளுக்கு வருவோம். தமிழகத்துக் குடும்பக் கதைகளில் 'பெண் எடுத்த ஊர்', 'பெண் கொடுத்த ஊர்' என்று படித்திருப்பீர்கள். மணமகன் வீட்டார் எடுப்பார்கள். மணமகள் வீட்டார் கொடுப்பார்கள். நம் பகுதியில் பெண்ணைப் பெற்றவர்கள் 'மாப்பிள்ளை எடுக்கிறார்கள்'. மணமான பின் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு உரியது. குடி என்னும் வமிசப் பிரிவு தாய் வழியாக வருவது. இது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ள வழமை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இதை ஆராய்ந்து, 2008இல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்த நூலின் சாரத்தில் ஒரு பகுதி 'மாப்பிள்ளை எடுத்தல்' என்ற இரு சொற்களில் அடங்கியிருக்கிறது. யார் எடுக்கிறார், யார் எடுக்கப்படுகிறார் என்பதைப் பார்த்தாலே ஒரு சமூகத்தின் வீட்டு அமைப்புத் தெரிந்துவிடும்.

எடுப்பதற்குள் எடையும் இருக்கிறது என்றேன். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர் மூன்று மாப்பிள்ளை எடுக்க வேண்டும்; அதற்கு மூன்று வீடு எழும்ப வேண்டும். வெளிநாட்டு வெயிலில் உழைக்கும் வாப்பாமாரும், அண்ணன்மாரும், காக்காமாரும் அந்தப் பாரத்தை அறிவார்கள். இங்கே எடுத்தல் என்பது பெறுதல் மட்டும் அன்று; சுமத்தலும் கூட.

பிறப்பிலும் இந்த வினை உண்டு. முன்னாளில் மருத்துவிச்சி பிள்ளை எடுத்தாள். இன்று ஆஸ்பத்திரியில் டொக்டர் எடுக்கிறார். தாயற்ற பிள்ளையை ஒருவர் எடுத்து வளர்க்கிறார். இறப்பிலும் உண்டு. ஒரு வீட்டில் மௌத்து நடந்துவிட்டால், அல்லது சாவு விழுந்துவிட்டால், தெருவில் நிற்பவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி என்ன? "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" யாரை, எதை என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. காரைதீவிலும் இதுதான் கேள்வி; சாய்ந்தமருதிலும் இதுதான் கேள்வி. ஓரிடத்தில் எடுப்பது பிரேதம்; மற்ற இடத்தில் எடுப்பது மையத்து, அல்லது ஜனாஸா. ஓரிடத்தில் பறை கேட்கும். மற்ற இடத்தில் கலிமா கேட்கும். எடுப்பது மட்டும் ஒன்றே.

இங்கே ஒரு கருத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். பெயர்ச்சொற்கள் நம்மைப் பிரித்துக் காட்டுகின்றன. வினைச்சொற்கள் நம்மைச் சேர்த்துக் காட்டுகின்றன. அப்பா, வாப்பா, அம்மா, உம்மா, விரதம், நோன்பு, கோயில், பள்ளி என்று பெயர்களை அடுக்கினால் இரண்டு பட்டியல்கள் வரும். யார் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் நோன்பையும் பிடிக்கிறோம், விரதத்தையும் பிடிக்கிறோம். ஜனாஸாவையும் எடுக்கிறோம், பிரேதத்தையும் எடுக்கிறோம். அரபு மொழியிலிருந்து வந்த பெயராயினும், சமஸ்கிருதத்திலிருந்து வந்த பெயராயினும், ஆங்கிலத்திலிருந்து வந்த 'கோல்', 'லோன்' ஆயினும், தமிழ் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தமிழ் வினையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. அயல்மொழிப் பெயர்களை நாம் தாராளமாக வாங்கினோம். வினைகளை மிக அரிதாகவே வாங்கினோம்.

இலக்கணம் படித்தவர்கள் இதைக் கூட்டு வினை என்பார்கள். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இக்காலத் தமிழை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்ட நூல். அதற்கு முன்பு, காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கலைச்சொல் ஆக்கப் பணியில் முன்னின்று உழைத்தார். சில கல் தொலைவுக்குள் பிறந்த இருவர், ஒருவர் துறவி, மற்றவர் முஸ்லிம் குடும்பத்தவர், ஒரே மொழியின் இரு தேவைகளுக்கு உழைத்திருக்கிறார்கள். அவ்விருவரும் நம் மாணவர்களுக்கு ஒரே பாடத்தில் அறிமுகமாக வேண்டியவர்கள் என்பது என் எண்ணம்.

இந்த நல்ல வினைக்கு இன்று ஒரு கேடு வந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் 'டேக்' எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் 'எடு' என்று போட்டுவிடும் பழக்கம் அது. முடிவு செய்தார் என்பது முடிவு எடுத்தார் என்றாயிற்று. இளைப்பாறினார் என்பது ஓய்வு எடுத்தார் என்றாயிற்று. இவை வழக்கில் வேரூன்றிவிட்டன. இனிப் பிடுங்க இயலாது, பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. என் வருத்தம் வேறு. காரியாலயங்களிலிருந்து வரும் கடிதங்களின் கடைசி வரியை எண்ணிப் பாருங்கள். 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று இருக்கும். யார் எடுப்பார்? எப்போது எடுப்பார்? தெரியாது. பசியைப் போலவும் ஊற்றைப் போலவும் அது தானாக எழும் போலிருக்கிறது. சுமை தூக்குவதற்கு ஒரு கை வேண்டும் என்பதை நினைவூட்டும் வினையைக் கொண்டே, கையை மறைக்கும் வாக்கியம் அமைந்துவிட்டது. மாணவர் கட்டுரையில் 'எடுக்கப்படும்' என்று கண்டால், எடுப்பவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். அது இலக்கணப் பயிற்சி மட்டும் அல்ல.

எடுப்பதற்குக் கை வேண்டும் என்பதை நம் கரை ஒரு நாள் முழுமையாக அறிந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை நாள் காலை. இலங்கையில் அன்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு அம்பாறைக்கு. பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய கரையூர்களில் வாழ்ந்தவர்கள். அந்தப் பேரலைக்கு நம்மிடம் பேச்சுவழக்கில் ஒரு பெயர் இருக்கவில்லை. சுனாமி என்ற யப்பானியப் பெயரை அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டோம். ஆனால் அது செய்ததைச் சொல்லத் தமிழ் வினை முன்பே இருந்தது. கடல் கொண்டது என்றோம். கடல்கோள் என்பது நம் பழைய உரையாசிரியர் காலத்திலிருந்து வரும் வழக்கு.

கொள் என்ற வினையையும் எடு என்ற வினையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டேக்' என்றே எழுதலாம். கடல் அவர்களை 'டேக்' செய்தது. மனிதர்கள் அவர்களை 'டேக்' செய்தார்கள். தமிழில் அப்படிச் சொல்ல முடியாது. கொள்வது தன்னிடத்துக்கு இழுத்துக்கொள்வது. எடுப்பது கிடப்பதைத் தூக்குவது. கடல் கொண்டவர்களை மனிதர்கள் எடுத்தார்கள். வேலிகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் இடிந்த சுவர்களுக்கு அடியிலிருந்தும் எடுத்தார்கள். அந்த நாட்களில் இரு சமூகத்தாரும் கேட்ட கேள்வியில் பழைய 'எத்தனை மணிக்கு' என்பது இல்லை. "உங்கட ஆக்களை எடுத்தாச்சா?" என்பதே கேள்வி. அதற்குள் தேடிக் கண்டீர்களா, தூக்கினீர்களா, அடக்கம் செய்தீர்களா என்ற மூன்று கேள்விகளும் இருந்தன. எந்த அகராதியும் அந்த வினைக்கு அந்தப் பொருளை எண் இட்டுப் பதியவில்லை. ஆனால் கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் அது விளங்கிற்று. 'எடுத்தாச்சு' என்று சொல்ல முடிந்தவர் அழுதார். சொல்ல முடியாதவர் அதன்பின் பல நாள் கரையில் நடந்தார்.

எடுக்கப்பட்டவர் மையத்தா, பிரேதமா என்று உடனே சொல்ல முடியாத இடங்களும் இருந்தன. பெயர்ச்சொல் அங்கே நின்றுவிட்டது. வினைச்சொல் நிற்கவில்லை.

இதைச் சொல்வதால் நமக்குள் பிணக்கே இல்லை என்று நான் பூசி மெழுகவில்லை. 1985இலும் 1990இலும் இந்தக் கரையில் நடந்தவற்றை இரு தரப்பாரும் மறக்கவில்லை. கல்முனையின் நிருவாக எல்லை பற்றிய வழக்கு நெடுங்காலமாக நீள்கிறது. ஒரு வினைச்சொல் அவற்றைத் தீர்த்துவிடாது. ஆனால் பேச உட்காரும் இருவருக்கு இடையில் பொதுவாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், இடம் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. நாம் பிறப்பையும், மணத்தையும், சாவையும் ஒரே வினையால் சொல்கிறவர்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். வகுப்பில் ஒரு கிழமைக்கு ஒரு சிறு வினையை எடுங்கள். எடு, பிடி, விடு, வை, போடு, அடி என்பவற்றுள் எதுவாயினும் சரி. பிள்ளைகள் தத்தம் வீட்டில், சந்தையில், வயலில், கரைவலை இழுக்கும் இடத்தில் அந்த வினை எந்தெந்தச் சொற்களோடு வருகிறது என்று கேட்டு எழுதி வரட்டும். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளையின் கொப்பியும் முஸ்லிம் பாடசாலைப் பிள்ளையின் கொப்பியும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் விரிக்கப்படட்டும். இடப்பக்கத்துப் பெயர்கள் வேறுபடும். வலப்பக்கத்து வினைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அப்படி இரண்டு கொப்பிகள் சேர்ந்தால், நம் கரையின் வினைச்சொல் அகராதிக்கு முதற்பக்கம் கிடைத்துவிடும். அதை எழுத வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. எடுப்பதற்கு நம்மிடம் கைகள் இருக்கின்றன.